முதல் சம்பளம் 100 என்றால்

என் லேப்டாப்பில் ஒரு பழைய எக்செல் ஷீட் இருக்கிறது. 2009ல் வேலைக்குச் சேர்ந்த மாதமே தொடங்கியது. கைக்கு வந்த சம்பளத்தை மாதாமாதம் அதில் ஏற்றிவருகிறேன். சில வருடம் போனதும், தொகையைத் தொகையாகவே பார்ப்பதில் ஏதோ ஏமாற்று இருப்பதாகப் பட்டது. அதனால் முதல் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அந்தக் கணக்குக்கு மாற்றினேன். இன்று திறந்து பார்த்தால், திருப்பங்களை மட்டும் எடுத்துச் சொன்னால், வரிசை இப்படிப் போகிறது: 100, 100, 118, 134, 112, 205, 370, 610, 0, 455, 490. நடுவில் இருக்கும் பூஜ்யம் தட்டச்சுப் பிழை இல்லை.

"ஐ.டி.ல இப்போ நிலவரம் எப்படி, எதைப் படிச்சா நல்ல சம்பளம்?" என்று கேட்பவர்களுக்கு நான் எந்த டெக்னாலஜியின் பெயரையும் சொல்வதில்லை. இந்த வரிசையைத்தான் காட்டுகிறேன். இதில் ஏறினதற்கும் இறங்கினதற்கும் என் திறமை எவ்வளவு காரணம், காலம் எவ்வளவு காரணம் என்று பிரித்துப் பார்க்க எனக்குப் பதினைந்து வருடம் பிடித்தது.

முதல் இரண்டு நூறைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். 2008 நிதி நெருக்கடியின் சூடு ஆறாத நேரம். வேலை கிடைத்ததே பெரிது என்று சேர்ந்தோம், முதல் அப்ரைசலில் யாருக்கும் ஒன்றும் ஏறவில்லை, யாரும் வாய் திறக்கவும் இல்லை. மந்தமான வருடத்தில் வேலைக்குச் சேர்பவர்கள், நல்ல வருடத்தில் சேர்ந்தவர்களைவிடச் சம்பளத்தில் பத்து வருடம் வரைகூடப் பின்தங்கியிருப்பார்கள் என்று பொருளாதார ஆய்வுகள் சொல்கின்றன. அதைப் படித்தபோது எனக்கு வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகம் வந்தது. அதுவரை என்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்திருந்தேன்.

அப்போது நான் செய்துகொண்டிருந்தது ஃப்ளாஷ், இணையப் பக்கங்களில் அசையும் படங்களும் விளையாட்டுகளும் செய்யும் மென்பொருள். அதன் ப்ரோக்ராம் மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் தெரிந்தவர்களுக்கு நல்ல கிராக்கி இருந்தது. விளம்பரம், விளையாட்டு, ஆன்லைன் பாடம், வீடியோ என்று இணையத்தில் அசைந்ததெல்லாம் பெரும்பாலும் ஃப்ளாஷ்தான். 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ், ஐபோனில் ஏன் ஃப்ளாஷை விடுவதில்லை என்று விளக்கி ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். டீமே உட்கார்ந்து படித்தோம். "போன் விக்கிறவருக்கு வயித்தெரிச்சல்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். அடுத்த வருடம் நவம்பரில் ஃப்ளாஷின் சொந்தக்காரரான அடோபியே மொபைலுக்கான ஃப்ளாஷைக் கைவிட்டது. அப்போதும் நான் நகரவில்லை. ஏனென்றால் ஷீட்டில் 118, பிறகு 134 என்று ஏறிக்கொண்டே இருந்தது.

இதை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஒரு டெக்னாலஜி சாகத் தொடங்கிய பிறகும் அதற்கான சம்பளம் சில காலம் ஏறும். சுதாரித்தவர்கள் முதலில் கழன்றுகொள்வார்கள். எடுத்த ப்ராஜெக்ட்டை முடித்துக் கொடுக்க ஆள் வேண்டும். அதனால் மிச்சம் இருப்பவர்களுக்குச் சம்பள உயர்வு (ஹைக்) கிடைக்கும். வாங்குகிறவர், தன் மதிப்பு கூடுகிறது என்று நினைத்துக்கொள்வார். நான் நினைத்தேன். 2013ல் வெளியே வேலை தேடியபோதுதான் தெரிந்தது, ஃப்ளாஷ் என்று போட்டுக் கூப்பிட யாருமே இல்லை. ஜாவா கற்றுக்கொண்டு பேக்கெண்ட் (திரைக்குப் பின்னால் ஓடும் பகுதி) டெவலப்பராகச் சேர்ந்தேன், நாலு வருட அனுபவத்தை ஒன்றரை வருடமாகத்தான் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அந்த 112 அப்படி வந்தது. ஃப்ளாஷை 2020 டிசம்பர் 31ஓடு முழுதாக மூடினார்கள். அதற்கு ஏழு வருடம் முன்பே வெளியே வந்துவிட்டேன், அதுவே எனக்குத் தாமதம்தான்.

பழையதெல்லாம் சாகும் என்று இதை வைத்து முடிவு கட்டவும் முடியாது. என் முதல் ஆபீஸில் அதே தளத்தின் மறுகோடியில் ஒரு சீனியர் அக்கா இருந்தார். வங்கி ப்ராஜெக்ட், மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கம்ப்யூட்டர், அதில் ஓடும் கோபால். (தமிழில் எழுதினால் பக்கத்து சீட்டுக்காரர் பெயர் மாதிரி இருக்கிறது, என்ன செய்ய.) 1959ல் உருவான ப்ரோக்ராம் மொழி. வண்ண வண்ணமாக அசையும் எங்கள் திரைகளுக்கு முன்னால் அவருடைய பச்சை எழுத்துத் திரை அருங்காட்சியகப் பொருள் போல இருக்கும். கேலி செய்வோம். "சிரிங்க, சிரிங்க. என் ப்ரோக்ராம் ஒரு ராத்திரி ஓடலைன்னா, உங்க சம்பளம் அக்கவுண்ட்டுக்கு வராது" என்பார். 2020 ஏப்ரலில், கொரோனாவால் வேலையிழந்தவர்களின் உதவித்தொகை விண்ணப்பங்கள் குவிந்து நியூ ஜெர்சி மாநிலத்தின் பழைய சிஸ்டம் திணறியபோது, அதன் ஆளுநர் ஃபில் மர்ஃபி, கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று பொதுவில் கேட்டுக்கொண்டார். செய்தியைப் பார்த்ததும் அந்த அக்காவுக்கு மெசேஜ் அனுப்பினேன். ஒரு சிரிப்பு முகம் மட்டும் பதிலாக வந்தது.

இரண்டும் பழையவை. ஒன்று செத்தது, ஒன்று சாகவில்லை. ஃப்ளாஷில் செய்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றில் புதிதாகச் செய்துகொள்ள முடிந்தது, யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. கோபாலில் இருப்பது கணக்கு வழக்கு. அதைக் கழற்றி மாட்டுகிற செலவும் பயமும் பெரிது. அதற்குப் பிறகு எந்த வேலையைப் பார்த்தாலும் நான் கேட்டுக்கொள்கிற கேள்வி இதுதான்: இதை நாளைக்கு நிறுத்தினால் யாருக்கு வலிக்கும், எத்தனை நாளில் வலிக்கும்? அதன் பதில் வேலை விளம்பரங்களின் எண்ணிக்கையைவிட அதிகம் சொல்கிறது. விளம்பரத்தில் தேவை மட்டும்தான் தெரியும். அதே வேலைக்கு எத்தனை பேர் தயாராக நிற்கிறார்கள் என்பது தெரியாது. சம்பளத்தை நிர்ணயிப்பது இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி.

112லிருந்து 205, அங்கிருந்து 370 வரையான ஏழெட்டு வருடங்களில் சொல்லிக்கொள்ளும்படி நாடகம் ஏதும் இல்லை. கிளவுட், அதாவது கம்ப்யூட்டர்களைச் சொந்தமாக வாங்காமல் இணையம் வழியே வாடகைக்கு எடுப்பது, பரவியது. அமேசான் தன் கிளவுட் சேவையை 2006லேயே தொடங்கிவிட்டது. சாஃப்ட்வேரைப் பொட்டலம் கட்டி எங்கும் ஓட்டும் டாக்கர் 2013லும், அந்தப் பொட்டலங்களை மேய்க்கும் குபர்னெட்டீஸ் 2014லும் வந்தன. எனக்கு அவை கைவந்தது, புதிதாக வந்ததும் ஓடிப்போய்க் கற்றதால் இல்லை. ஃப்ளாஷில் சூடுபட்டிருந்ததால், கருவிக்கு அடியில் இருப்பதைப் படித்தேன்: கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ், நெட்வொர்க், தரவுத்தளத்தோடு பேசும் மொழியான எஸ்.க்யூ.எல். மேலே உள்ள பெயர் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறும். அடியில் இருப்பது 1990களிலிருந்து அதிகம் மாறவில்லை. இரண்டு முறை கம்பெனி மாறினேன், இரண்டு முறையும் உள்ளேயே இருந்திருந்தால் கிடைத்திருப்பதைவிட நல்ல ஹைக் கிடைத்தது. ஒரே இடத்தில் இருந்த என் நண்பர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள், இருந்தும் 300ஐத் தாண்டவில்லை. இதில் நியாயம் எங்கே என்று கேட்காதீர்கள். புதிதாக எடுக்கிற ஆளுக்குச் சந்தை விலை, உள்ளே இருக்கிற ஆளுக்கு பட்ஜெட்டில் ஒதுக்கிய சதவீதம். இரண்டும் வேறு வேறு கணக்கு.

அப்புறம் 2021 வந்தது.

ஒரே வாரத்தில் மூன்று ஆஃபர் லெட்டர். இன்டர்வியூ என்ற பெயரில் அவர்கள்தான் தங்கள் கம்பெனியைப் பற்றிப் புகழ்ந்து பேசினார்கள். ஓர் இடத்தில் நான் கேட்டதற்கும் மேலே போட்டுத் தந்தார்கள். 370, நவம்பரில் 610 ஆனது. பிப்ரவரியில் இருந்த நானும் நவம்பரில் இருந்த நானும் ஒரே ஆள்தான். நடுவில் ஒரு மொழிகூடப் புதிதாகக் கற்கவில்லை. வெளியில் நடந்துகொண்டிருந்ததோ வேறு: உலகமே வீட்டுக்குள் இருந்ததால் எல்லா வியாபாரமும் ஆன்லைனுக்கு வந்திருந்தது. அமெரிக்காவில் வட்டி விகிதம் பூஜ்யத்தை ஒட்டி இருந்தது. கடனும் முதலீடும் மலிவு. மலிவான பணம் ஆட்களை அள்ளியது. ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவில் 2019 கடைசியில் சுமார் 45,000 பேர், 2022 செப்டம்பரில் 87,000 பேர். மூன்று வருடத்துக்குள் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அந்த அலை திரும்பியதும் அதே வேகத்தில்தான். 2022 மார்ச்சில் ஏறத் தொடங்கிய அமெரிக்க வட்டி, 2023 ஜூலைக்குள் 5.25 முதல் 5.5 சதவீதம் வரை போனது. இன்னொன்றும் நடந்தது, அதை எங்கள் ஆட்களில் பலர் கவனிக்கவில்லை. அமெரிக்க வரிச் சட்டத்தின் 174ஆம் பிரிவு 2022 முதல் மாறியது. சாஃப்ட்வேர் உருவாக்கத்துக்குக் கொடுக்கும் சம்பளத்தை வரிக் கணக்கில் அந்த வருடச் செலவாகவே மொத்தமாகக் கழித்துக்கொண்டிருந்த நிறுவனங்கள், உள்நாட்டில் செய்தால் 5 வருடம், வெளிநாட்டில் செய்தால் 15 வருடம் என்று பரப்பித்தான் கழிக்க முடியும் என்று ஆனது, அதனால் அந்த வருட வரி கூடியது. உள்நாட்டு வேலைக்கு 2025ல் பழைய முறையையே திருப்பிக் கொடுத்தார்கள், வெளிநாட்டில் செய்யும் வேலைக்கு அந்த 15 வருடம் அப்படியே நிற்கிறது. ஒரு டெவலப்பரின் வேலை போவதற்கும் வரிச் சட்டத்தின் ஒரு பிரிவுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு யாராவது என்னிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன்.

2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை வேலையை விட்டு அனுப்பியது. 2023 ஜனவரியில் அமேசான் 18,000, கூகுள் 12,000, மைக்ரோசாஃப்ட் 10,000 என்று அறிவித்தன. நான் இருந்தது அவ்வளவு பெரிய கம்பெனி இல்லை. ஆனால் பெரியவர்கள் செய்வதைப் பார்த்துச் சின்னவர்களுக்கும் துணிச்சல் வந்துவிடும். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலண்டரில் பதினைந்து நிமிட மீட்டிங் ஒன்று முளைத்தது. தலைப்பு இல்லை. மேனேஜரோடு நான் அதுவரை பார்த்திராத ஹெச்.ஆர். ஒருவரும் இருந்தார். ஒன்பதாவது நிமிடம் முடிந்துவிட்டது. மிச்ச ஆறு நிமிடமும் மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

610 என்பது கைக்கு வந்த சம்பளம் மட்டும். ஆஃபர் லெட்டரின் முதல் பக்கத்தில் இருந்த எண் அதைவிடப் பெரியது, ஏனென்றால் அதில் கம்பெனிப் பங்குகளையும் (ஸ்டாக்) சேர்த்திருந்தார்கள். நாலு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும், முதல் வருடம் முடியும்வரை ஒன்றும் கிடையாது, அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தவணை. நான் இருந்தது பதினைந்து மாதம். அதாவது பதினாறு தவணையில் ஐந்து. 2022ல் அமெரிக்கப் பங்குக் குறியீடான நாஸ்டாக் மூன்றில் ஒரு பங்கு விழுந்திருந்தது, எங்கள் பங்கு பாதியாகியிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால், சொன்ன ஸ்டாக்கில் ஆறில் ஒரு பங்குகூட என் கையில் நிற்கவில்லை. இப்போது ஆஃபர் லெட்டரை நான் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறேன். உறுதியான மாதச் சம்பளம் எவ்வளவு, வேரியபிள் (கூடிக் குறையும் பகுதி) என்று போட்டதில் போன வருடம் உண்மையில் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள், ஜாயினிங் போனஸை எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும், அனுப்பினால் எத்தனை மாதச் சம்பளம் தருவார்கள். இந்த நாலையும் கேட்டால் ஹெச்.ஆரின் குரல் கொஞ்சம் மாறும். மாறட்டும்.

ஏழு மாதம் வேலை இல்லை. 163 இடத்தில் விண்ணப்பித்தேன். எண்ணி வைத்திருக்கிறேன், அதற்கும் ஒரு ஷீட். பதினோரு இடத்திலிருந்து பதில் வந்தது, ஆறு இன்டர்வியூ, இரண்டு ஆஃபர். இரண்டுமே பழைய சகாக்கள் கொடுத்த ரெஃபரல். அதில் ஒருவரோடு ஆறு வருடமாகப் பேசவே இல்லை. வேலை போன பிறகு போய் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பதில் இருந்த கூச்சம், அந்த 163 விண்ணப்பங்களைவிடக் கனமாக இருந்தது. அவர் எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. "ரெஸ்யூமேவ அனுப்பு, மத்ததை அப்புறம் பேசலாம்" என்றார். இப்போது மாதத்துக்கு இரண்டு பேரையாவது கூப்பிட்டுச் சும்மா பேசுகிறேன்.

அந்த ஏழு மாதத்தில் நான் எதிர்பார்க்காத ஒரு தடை, என் பழைய சம்பளமே. கடைசியாக எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்பார்கள். சொல்வேன். ஒரு நொடி மௌனம், பிறகு "சரி, பார்த்துட்டுச் சொல்றோம்". 2021ல் தோளில் சால்வையாக இருந்த எண், 2023ல் முதுகில் மூட்டையாகிவிட்டது. நாலைந்து முறை பட்ட பிறகு, முதலில் அவர்கள் வாயிலிருந்து வரவைக்கப் பழகினேன்: "இந்தப் பொறுப்புக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கிற ரேஞ்ச் என்ன?" பெரும்பாலும் சொல்கிறார்கள். சொல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. கொலராடோவில் 2021 முதலும், நியூ யார்க் நகரத்தில் 2022 நவம்பர் முதலும், கலிஃபோர்னியாவில் 2023 முதலும் வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும் என்று சட்டம். வேலை கிடைப்பதற்கு முன்பே ரேஞ்சைத் தெரிவிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியமும் 2023ல் விதி கொண்டுவந்தது. நீங்கள் எங்கே இருந்தாலும், ஒரே கம்பெனி அங்கே போட்ட விளம்பரத்தைப் பார்த்தால், எந்த நிலைக்கும் அடுத்த நிலைக்கும் எவ்வளவு இடைவெளி வைக்கிறார்கள் என்ற விகிதம் பிடிபடும். தொகை ஊருக்கு ஊர் மாறும். என் அனுபவத்தில் விகிதம் அவ்வளவாக மாறுவதில்லை.

455க்குச் சேர்ந்தேன். பழையதைவிடக் கால் பங்கு குறைவு. முதல் மாதம் அவமானமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் ஷீட்டில் 610ஐ விரலால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். 370க்கு அடுத்து 455. ஒழுங்கான ஏற்றம்தான். நடுவில் இருந்த 610, அந்த வருடத்தின் விலை. அதை என் விலை என்று நம்பி மாதச் செலவுகளையும் கடன் தவணையையும் அந்த உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்ததுதான் என் தவறு. வேலை போனபோது இடித்தது சம்பளம் இல்லாததைவிட அந்தத் தவணைகள்தான். இப்போது கைக்கு 490 வருகிறது, குடித்தனம் 370ல் நடக்கிறது. மிச்சம் எங்கே போகிறது என்று ஷீட்டில் இன்னொரு வரிசை சேர்த்திருக்கிறேன்.

ஏ.ஐ. பற்றிச் சொல்லாமல் விட்டால் விடமாட்டார்கள். சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளிவந்தது, ஆட்குறைப்பு அலையும் அதே சமயம், அதனால் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசுகிறார்கள். என்னை அனுப்பியது ஏ.ஐ. இல்லை, வட்டி விகிதம். ஆனால் திரும்பி உள்ளே வந்தபோது டீம் மாறியிருந்தது. முன்பெல்லாம் எங்கள் அளவு டீமுக்கு வருடம் இரண்டு ஃப்ரெஷர்களை எடுப்போம். டெஸ்ட் எழுதுவது, சின்னச் சின்ன பக் சரிசெய்வது, பழைய ப்ரோக்ராமை வேறு வெர்ஷனுக்கு மாற்றுவது, இதெல்லாம் அவர்கள் வேலை. கடந்த இரண்டு வருடமாக எடுக்கவே இல்லை. அந்த வேலைகளைக் கருவி செய்கிறது, சீனியர் சரிபார்க்கிறார். கணக்குக்கு லாபம்தான். இன்னும் ஏழு வருடம் கழித்துச் சரிபார்க்க சீனியர் எங்கிருந்து வருவார் என்று ஒரு மீட்டிங்கில் கேட்டேன். "நல்ல கேள்வி" என்றார்கள். நல்ல கேள்வி என்றால் பதில் இல்லை என்று அர்த்தம்.

1957ல் ஃபோர்ட்ரான் வந்து, இயந்திர மொழியில் எழுத வேண்டிய கட்டாயத்தை நீக்கியது. அதற்குப் பிறகு ப்ரோக்ராம் எழுதுபவர்கள் கூடினார்களே தவிரக் குறையவில்லை. இந்தச் சரித்திரத்தை வைத்து ஆறுதல் சொல்பவர்கள் நிறைய. எனக்கு அதைவிட வேறொரு கணக்கு உபயோகமாக இருந்தது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை ப்ரோக்ராமர், சாஃப்ட்வேர் டெவலப்பர் என்று இரண்டு தனிப் பிரிவு வைத்திருக்கிறது. 2023லிருந்து 2033க்குள் டெவலப்பர், டெஸ்டர் வேலைகள் 17 சதவீதம் கூடும் என்றும், ப்ரோக்ராமர் வேலைகள் 10 சதவீதம் குறையும் என்றும் மதிப்பிட்டது. ஒருவர் சொன்னதை ப்ரோக்ராமாக மாற்றி எழுதுபவர் ப்ரோக்ராமர். எதைச் செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பதில் பங்குள்ளவர் டெவலப்பர். விசிட்டிங் கார்டில் என்ன போட்டிருக்கிறது என்பது கணக்கில்லை. போன வாரம் நான் செய்ததில் எத்தனை மணி நேரம் முதல் வகை, எத்தனை மணி நேரம் இரண்டாம் வகை என்று மாதம் ஒருமுறை எண்ணிப் பார்க்கிறேன். முதல் வகை பாதியைத் தாண்டினால் மேனேஜரிடம் போய் வேறு வேலை கேட்கிறேன். ஃப்ளாஷ் காலத்தில் இந்தப் பழக்கம் எனக்கு இல்லை.

போன திங்கட்கிழமை டீமில் இருக்கும் ஒரு தம்பி தயங்கித் தயங்கி வந்தான். நாலு வருட அனுபவம். கையில் ஆஃபர், 60 சதவீத ஹைக். ஏ.ஐ. சம்பந்தப்பட்ட புதுக் கம்பெனி.

"போகலாமா அக்கா?"

லெட்டரை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அந்த நாலு கேள்வியைச் சொல்லி, கேட்டுவிட்டு வரச் சொன்னேன். அவர்கள் விற்கிற பொருளை நாளைக்கு நிறுத்தினால் யாருக்கு வலிக்கும் என்று ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்தேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"இப்போதைக்கு யாருக்கும் வலிக்காதுன்னு நினைக்கிறேன்."

"சரி. அப்படின்னா அந்த அறுபதுல எவ்வளவ செலவு பண்ணுவே, எவ்வளவ ஒதுக்கி வைப்பே?"

அதற்குப் பதில் சொல்லவில்லை. ஆஃபர் வெள்ளிக்கிழமை வரை செல்லும். நேற்று அவன் திரையைக் கடந்து போனபோது ஒரு எக்செல் ஷீட் திறந்திருந்தது. முதல் கட்டத்தில் 100 என்று இருந்தது.